மாசி, பங்குனியில் மலைப்பூக்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற பங்குனியில் குடும்பத்துடன் உதகைப் பக்கம், புல்வெளியும் சோலையும் மாறிமாறி வரும் பாதையில் வழிகாட்டியுடன் நான்கு மணி நேரம் நடந்தோம். வசந்த காலம் என்பதால் மலையெங்கும் பூத்திருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துச் சென்றிருந்தேன். காய்ந்த புல்லையும் ஒரே ஒரு சிவப்புப் பூமரத்தையும் தவிர எதையும் பார்க்கவில்லை. தவறான மாதத்தில் போய்விட்டோமா?
— ஒரு வாசகி, ஈரோடு

மாதம் தவறில்லை, அம்மா. நாட்காட்டிப் படங்களிலும் திரைப்படங்களிலும் நாம் பார்த்துப் பழகிய வசந்தம் வேறு ஊர் வசந்தம் என்பதுதான் சிக்கல். ஆல்ப்ஸ் மலையிலோ இமயத்தின் உயர்ந்த புல்வெளிகளிலோ குளிர்காலம் முழுவதும் பனி மூடிக் கிடக்கும். வெயில் ஏறியதும் அந்தப் பனி உருகுவதால், வெப்பமும் ஈரமும் ஒரே வாரத்தில் மண்ணுக்கு வந்து சேர்கின்றன. அங்குள்ள செடிகளும் ஒன்றாகப் பூத்துவிடுகின்றன. நீலகிரியிலும் பழனி மலையிலும் உருகுவதற்குப் பனிக்கட்டி இல்லை. மார்கழி, தை மாதங்களில் பள்ளத்தாக்குப் புல்லின்மேல் உறைபனி படிந்து அதைக் கருக்கிவிடுகிறது. அதற்குப் பின் மழையற்ற மாதங்கள் தொடர்கின்றன. வெயில் வந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை என்னும் இடைக்காலத்தில்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள். புல்வெளிச் செடிகளில் பெரும்பாலானவை தென்மேற்குப் பருவமழைக்குக் காத்திருந்து, ஆடி முதல் ஐப்பசி வரையில் பூப்பவை.

அப்படியானால் மாசி, பங்குனியில் பூப்பவை எவை? ஆழமாக வேரோடிய மரங்களும் புதர்களும் ஒருபுறம். ஈரம் ஒளிந்திருக்கும் சிறு இடங்களில் தரையோடு தரையாக வாழும் குட்டிச் செடிகள் மறுபுறம். இந்த இரண்டையும் தேடும் கண் வேறு, மலைச்சரிவு முழுவதையும் ஒரே பார்வையில் அள்ள நினைக்கும் கண் வேறு. நான்கு மணி நேரம் நடந்ததாக எழுதியிருக்கிறீர்கள்; அதில் எத்தனை முறை நின்றீர்கள், எத்தனை முறை மண்டியிட்டீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், வெறுமையாகத் தெரிந்த அதே பாதையில் இருபது வகைப் பூக்களையாவது பிள்ளைகளால் எண்ணிவிட முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் பார்க்க வேண்டிய இடம், புல்வெளி முடிந்து சோலை தொடங்கும் விளிம்பு. வெளிச்சமும் நிழலும் ஈரமும் அங்கேதான் சந்திக்கின்றன. கோல்தேரியா என்னும் புதரில் சிறுமணிகளைக் கோத்துத் தொங்கவிட்டதுபோல் வெண்ணிறப் பூக்கள் வரிசையாக நிற்கும். அதன் அடியில் உதிர்ந்து கிடக்கும் இலையொன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்தால், மூட்டு வலிக்குத் தடவும் தைலத்தின் வாசனை வரும். உதகைக் கடைகளில் விற்கும் வின்டர்கிரீன் தைலத்தின் மணமும் அதுவே. இரண்டுக்கும் காரணம் மெத்தில் சாலிசிலேட் என்னும் ஒரே பொருள்தான். அதே விளிம்பில் காட்டு ரோஜா, தோட்டத்து ரோஜாவைப் போல அடுக்கிதழ் இல்லாமல், ஐந்து வெள்ளை இதழ்களுடன் கொடியாக மரத்தின்மேல் படர்ந்திருக்கும். தவிட்டுப்பழச் செடியையும் அங்கே தேடுங்கள். இளஞ்சிவப்பாக மலர்ந்து நாள் ஏற ஏற வெளுக்கும் பூ. நடுவில் கற்றையாகக் கேசரங்கள், அதாவது மகரந்தம் தாங்கும் இழைகள். இலையின் அடிப்புறம் வெல்வெட் துணிபோல் மெத்தென்று இருக்கும். மலையில் வளர்ந்தவர்களுக்கு அதன் பழம் நாவில் நிற்கும் நினைவு. பூவைப் பார்க்க நேரம் ஒதுக்குவோர் மிகக் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தமே.

அடுத்து, ஓடைக்கரையும் பாதையோரத்து மண்சரிவும். நம் வீட்டுக் காசித்தும்பையின் காட்டு உறவுகளில் பல வகைகள் மழைக்காலத்துக்கு உரியவை என்றாலும், ஈரம் வற்றாத இடங்களில் ஆண்டு முழுவதும் பூக்கும் வகையும் உண்டு. வெண்மையும் ஊதாவுமாக, பின்புறம் மெல்லிய வால் நீட்டிய பூ. அதன் காலடியில் காட்டு வயலெட்டும், வெண்பூவும் மூவிலையும் கொண்ட காட்டு ஸ்ட்ராபெர்ரியும் இருக்கும். இந்த ஸ்ட்ராபெர்ரி இனத்தின் அறிவியல் பெயரிலேயே நீலகிரி என்னும் சொல் உள்ளது.

கடைசியாக, நீங்கள் வெறுமை என்று நினைத்த அந்தக் காய்ந்த புல். புல்தூர்களுக்கு இடையில், விரல்நகத்தில் பாதி அளவே உள்ள, வெளிறிய நீலநிறப் பூ ஒன்று தரையோடு ஒட்டிக் கிடக்கும். ஜென்ஷியன் குடும்பத்தைச் சேர்ந்தது. வெயில் அடித்தால்தான் விரியும். மேகம் மூடினால் குவிந்துவிடும். எனவே காலை ஏழு மணிக்குக் கடந்துபோகிறவருக்கு அது இல்லாத பூ. பதினொரு மணிக்கு அதே இடத்தில் குனிகிறவருக்குப் பத்துப் பதினைந்து கிடைக்கும். அடுத்த முறை காலையில் சோலையும் நடுப்பகலில் புல்வெளியும் என்று நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். முதல் கோடைமழை பெய்து ஒரு வாரம் கழித்துப் போக வாய்த்தால், தங்கக் காசு சிதறியதுபோல் ஆறு இதழ் கொண்ட மஞ்சள் நட்சத்திரப் பூக்கள் புல்லுக்குள் முளைத்திருப்பதையும், மலையின் கீழ்ச்சரிவுகளில் காட்டு மஞ்சளின் இளஞ்சிவப்புப் பூங்கதிர் மண்ணைப் பிளந்து வருவதையும் காணலாம்.

நீலகிரியில் காணும் சிவப்புப் பூமரத்தைப் பற்றி: உத்தராகண்டில் ‘புராஞ்சு’ என்று சொல்லி அதன் சாற்றைக் குடிக்கக் கொடுத்தார்கள். தொட்டபெட்டா சாலையில் பார்த்ததும் அதே பூவாகவே எனக்குத் தெரிகிறது. இமயமலை மரத்தை இங்கே யார் கொண்டுவந்து நட்டார்கள்?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

யாரும் நடவில்லை, உங்கள் கண்ணும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே இனம். காட்டுப்பூவரசு என்று தமிழில் வழங்கும் இந்த ரோடோடென்ட்ரான், நேபாளத்தின் தேசிய மலர், உத்தராகண்டின் மாநில மரம். நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகிய உயர்மலைகளில் வாழ்வது அதன் தென்னாட்டுக் கிளையினம். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி முதலான மலைப்பகுதிகளில் இன்னொரு கிளையினம் உண்டு. இமயத்துக்கும் நீலகிரிக்கும் இடையே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தொலைவுக்கு இந்த மரம் பரவலாக இல்லை. உலகம் குளிர்ந்திருந்த பனியூழிக் காலங்களில் குளிர்நாட்டுத் தாவரங்கள் தாழ்ந்த மலைகள் வழியாகவும் தெற்கு நோக்கிப் பரவின என்றும், பின்னர் வெப்பம் ஏறியபோது அவை உயர்ந்த சிகரங்களில் மட்டும் தங்கிவிட்டன என்றும் தாவரவியலார் விளக்குகின்றனர். அந்த மரத்தடியில் நிற்கும்போது கடல்நடுவே ஒதுங்கிய ஒரு தீவில் நிற்பதாகவே எனக்குத் தோன்றும்.

தை மாதக் கடைசியில் அரும்பு கட்டி, மாசியில் முழுமையாகச் சிவந்து, பங்குனி வரை அங்கங்கே பூ தாங்கும். கிளைநுனியில் ஒரு கொத்து, கொத்தில் பத்து, இருபது மணிவடிவப் பூக்கள், உட்புறம் கரும்புள்ளிகள். உதிர்ந்த பூவைக் கையில் எடுத்து அந்தப் புள்ளிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தேன் இருக்கும் இடத்துக்குப் பூச்சிகளுக்கு வழிகாட்டும் குறிகள் அவை. தேன்சிட்டுகளும் தேனீக்களும் அந்த நாட்களில் மரத்தை விட்டு நகர்வதில்லை. சோலைக்குள்ளே அடர்ந்து நிற்பதைவிட விளிம்பிலும், புல்வெளி நடுவே தனித்தும் நிற்பதே இதன் இயல்பு. அதன் தடித்த, வெடித்த பட்டை புல்தீயைத் தாங்கிக்கொள்வதால்தான் மற்ற சோலைமரங்கள் துணியாத இடத்தில் இது வேரூன்றுகிறது. சாறு பற்றி ஒரு சொல்: ரோடோடென்ட்ரான் குடும்பத்தில் நச்சுப் பொருள் கொண்ட இனங்கள் பல உள்ளன. அங்கே குடித்த நினைவில் இங்கே பூவைப் பறித்து வாயிலிட வேண்டாம்.

மலைச்சரிவு முழுவதும் பொன்மஞ்சளாகப் பூத்திருந்த புதர்களைப் படம் எடுத்து அனுப்பியுள்ளேன். இவ்வளவு அழகான காட்டுப்பூவின் பெயர் என்ன?
— ஒரு வாசகர், சேலம்

படம் அழகாக உள்ளது. ஆனால் பதில் உங்களுக்கு மகிழ்ச்சி தராது. அது ஸ்காட்ச் புரூம். ஐரோப்பாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, தோட்டத்தைத் தாண்டி, நீலகிரியின் இயற்கைப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் அயல்செடி.

முதல் முறை அந்த மஞ்சளைக் கண்டபோது நானும் உங்களைப் போலவே மெய்மறந்து நின்றேன். உடன் வந்த மலைவாசிப் பெரியவர் ஒருவர் எதுவும் சொல்லாமல் புதருக்குள் கையை விட்டு விலக்கி, அடியில் இருந்த மண்ணைக் காட்டினார். ஒரு புல் இல்லை. ஒரு சிறுசெடி இல்லை. சற்றுத் தள்ளி, புதர் இன்னும் எட்டாத இடத்தில் ஒரு முழம் தரையில் ஏழெட்டு வகைச் செடிகள் இருந்தன. அன்று முதல் மஞ்சள் சரிவைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி எழுவதில்லை.

மலைப்புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணி, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில், யூகலிப்டஸ் மரங்களைக் கொண்டுவந்து நட்டனர். விடுதலைக்குப் பின்பும் அந்த எண்ணம் நீண்ட காலம் தொடர்ந்தது. மரம் இருந்தால்தான் காடு என்னும் நம்பிக்கை நம்மில் பலரிடம் இன்றும் இருக்கிறது. உண்மையில் அந்தப் புல்வெளி பல ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. மழைநீரை உள்வாங்கி ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுவது. வரையாட்டுக்கு மேய்ச்சல் நிலமாக இருப்பது. அதில் வாழும் செடிகளில் பல இம்மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. புரூமை வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலும் மண்ணில் உறங்கும் விதைகள் பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும்.

எனவே பூக்காண நடப்பவர் முதலில் கற்க வேண்டியது, மண்ணின் பூவையும் வந்தேறிய பூவையும் பிரித்தறிவது. மஞ்சளிலேயே பயிற்சி பெறலாம். புரூமின் பூ பட்டாணிப்பூ வடிவம். தண்டு பச்சையாக, வரம்புகளுடன், ஏறக்குறைய இலையே இல்லாததுபோல் நிற்கும். அதே வடிவப் பூ, ஆனால் செடி முழுவதும் முள்ளாகவும் பூவில் தேங்காய் மணமும் இருந்தால் அது கார்ஸ். அதுவும் ஐரோப்பியச் செடியே. பட்டாணிப்பூ வடிவமும் நன்கு விரிந்த இலையும், உலர்ந்தபின் உலுக்கினால் ஒலி எழுப்பும் காயும் இருந்தால் அது கிலுகிலுப்பை. நம் மண்ணுக்கு உரியது. ஐந்து இதழ்கள் அகல விரிந்து, நடுவே எண்ணற்ற கேசரங்கள் இருந்து, இலைகள் எதிரெதிராக அமைந்திருந்தால் அது ஹைப்பெரிக்கம், அதுவும் நம்முடையது. வெள்ளையில், பாதையோரம் எங்கும் பஞ்சுபோல் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கும் உயரமான செடி மெக்சிகோவிலிருந்து வந்த யூபடோரியம். சதுப்பில் வெண்சங்குபோல் நிற்கும் காலா லில்லி தென்னாப்பிரிக்காவுக்கு உரியது. உங்கள் படத்தின் இடது ஓரத்தில், புரூமுக்கு அடியில், ஒரு ஹைப்பெரிக்கம் செடி தெரிகிறது. அதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் சோலையின் மேற்பரப்பு சிவப்பும் செம்பும் ரோஜா நிறமுமாகத் தெரிகிறது. எந்த மரம் அப்படிப் பூக்கிறது?
— ஒரு வாசகி, மதுரை

பூ அல்ல, தளிர். மாந்தளிர் செந்நிறமாகத் துளிர்த்துப் பின் பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள். சோலைமரங்கள் பலவற்றுக்கும், குறிப்பாக நாவல் இனத்தைச் சேர்ந்தவற்றுக்கும், அதே இயல்பு உண்டு. இளம் இலையில் உள்ள செந்நிறமி, பச்சையம் முழுமையாக உருவாகும் வரை கடும் வெயிலிலிருந்து அதைக் காப்பதாகக் கருதுகின்றனர். இந்த மாதங்களில் சோலையின் உண்மையான அலங்காரம் இதுவே என்பேன்.

இந்த வசந்தத்தில் குறிஞ்சி பூக்குமா? கோடைவிடுமுறையில் கொடைக்கானல் போகிறோம்.
— ஒரு வாசகர், விருதுநகர்

பூக்காது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. கடந்த பெரும்பூப்பு 2018இல் நிகழ்ந்தது, அடுத்தது 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அப்போதும் வேனிலில் அல்ல, ஆடியிலிருந்து ஐப்பசி வரையிலான நாட்களில்தான். குறிஞ்சி இனங்கள் பலவற்றுள் ஆண்டுதோறும் பூப்பவையும் உண்டு, வேறு கால இடைவெளி கொண்டவையும் உண்டு என்பதால், எங்கேனும் நீலப்பூவைக் கண்டு ‘குறிஞ்சி பூத்துவிட்டது’ என்று வரும் செய்திகளை உடனே நம்ப வேண்டாம். ஆனால் பூவில்லாத குறிஞ்சியையும் பார்க்கலாம். முழங்கால் முதல் இடுப்பு வரை உயர்ந்து, ஒரே வயதுடைய செடிகளாகச் சரிவை மூடி நிற்கும். பூத்துக் காய்த்து விதை சிந்தியதும் மடிந்துவிடும் செடி அது. இப்போது நிற்பவை 2018இன் விதையிலிருந்து வந்தவை. அவற்றை மிதித்துக் குறுக்குவழியில் இறங்காமல் இருப்பது நீங்கள் 2030க்குச் செய்யும் உதவி.

பூக்களைப் பறித்துக் காகிதத்தில் அழுத்திப் பாடம் செய்து வைக்க என் மகளுக்கு ஆசை. பெயர் தெரியாத பூக்களை அடையாளம் காணவும் அது உதவும் அல்லவா?
— ஒரு வாசகர், திருப்பூர்

ஆசை நல்லது, இடம்தான் தவறு. தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றிச் செடிகொடிகளைப் பறிப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, ஒரு சரிவில் பத்தே செடிகளாக இருக்கும் இனத்தில் ஒரு பூவைப் பறிப்பது அந்த ஆண்டின் விதையில் ஒரு பங்கைப் பறிப்பதாகும். வீட்டுத் தோட்டத்துப் பூக்களில் அவர் பாடம் செய்யப் பழகட்டும். அந்தக் கலையின் உயர்ந்த நிலையைக் காண விரும்பினால், திருச்சி தூய வளனார் கல்லூரியில் தாவரவியலாளர் கே.எம். மாத்யூ 1967இல் நிறுவிய ராபினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பழனி மலைகளின் தாவரங்களை முழுமையாக ஆவணப்படுத்தியவர் அவர்.

மலையில் பறிப்பதற்குப் பதிலாகப் படம் எடுக்கலாம். பூவின் முகத்தை மட்டும் எடுத்த படத்தால் பயன் குறைவு. பூவின் பக்கவாட்டுத் தோற்றம், இலையின் மேல்புறமும் அடிப்புறமும், இலைகள் தண்டில் எதிரெதிரா மாறிமாறியா என்பது, முழுச்செடி, அது நிற்கும் இடம் என ஐந்து படங்கள் இருந்தால் அடையாளம் காண்பது எளிது. அளவு தெரிய ஒரு நாணயத்தை அருகில் வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் அவற்றை நாளும் இடமும் குறித்துப் பதிந்தால், தெரிந்தவர்கள் பெயர் சொல்லுவார்கள். உங்கள் மகளின் படம் அந்தச் செடி அந்த மாதத்தில் பூத்தது என்பதற்குச் சான்றாகவும் நிலைக்கும்.

மாசி, பங்குனியில் வனத்துறை மலைநடைகளை நிறுத்திவிடுகிறது. பூக்கும் காலத்திலேயே தடுப்பது நியாயமா?
— ஒரு வாசகர், தேனி

நியாயமே. தங்கள் மாவட்டத்தில், குரங்கணி மலையில், 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று பரவிய தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறைபனியில் கருகி வெயிலில் உலர்ந்த புல் பற்றிக்கொண்டால், சரிவில் மேல்நோக்கி ஓடும் நெருப்பை எந்தக் காலாலும் முந்த முடியாது. மேலும், வரையாடுகள் குட்டி ஈனும் பருவமும் இதையொட்டியே வருகிறது. அனுமதி இருக்கும் நாட்களில், தமிழக அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பதிவுசெய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் மட்டும் செல்லுங்கள். அனுமதி மூடப்பட்ட நாட்களில் சாலையோரத்திலிருந்தே காட்டுப்பூவரசைக் காணலாம்.

எனக்கு 71 வயது. முழங்கால் வலி. மலை ஏற முடியாது. எனக்கும் ஏதேனும் பூ உண்டா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

நிறைய உண்டு, அம்மா. மாசியில் முதுமலை வழியாக மசினகுடிப் பக்கம் வண்டியில் போனாலே போதும். இலையெல்லாம் உதிர்த்துவிட்ட காட்டில் முருக்கு செந்தீயாக நிற்கும். இலவமரத்தின் தடித்த சிவந்த பூக்கள் கீழே விழ, மான்கள் வந்து தின்னும். பாறைச் சரிவுகளில் கோங்கு, ஓர் இலைகூட இல்லாத கிளையில், கையகல மஞ்சள் பூவை ஏந்தியிருக்கும். இறங்கி நடக்க வேண்டியதில்லை. அது யானைக் காடு என்பதால் இறங்கவும் கூடாது. சித்திரை வரை பொறுத்தால் சரக்கொன்றையும் சேர்ந்துகொள்ளும்.

சோலையைப் பார்க்க விரும்பினால் கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், ஊர்மக்களின் அக்கறையால் பிழைத்துக் கிடக்கும் காடு. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024 ஜனவரியில் இடம்பெற்றது. அனுமதி பெற்றுக்கொண்டு விளிம்பு வரை சென்று, ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு அரை மணி நேரம் அமருங்கள். நடக்கிறவர்கள் தவறவிடும் பாசியும் பெரணியும் வயலெட்டும் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குத்தான் முதலில் படும். ஒரு சால்வை எடுத்துச் செல்லுங்கள். சோலை நிழலில் பங்குனியிலும் குளிரும்.